காண்டிடா பூஞ்சணம்: புட்டி வாங்குமுன் பார்க்கவேண்டிய கணக்கு



கடை இருப்பில் ஒரு மூட்டை அரிசி குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? உடனே எலிப் பாஷாணம் வாங்க ஓடுவதில்லை. கொள்முதல் சீட்டைப் பார்க்கிறோம். மூட்டையில் ஓட்டையா, தராசில் கோளாறா, பேரேட்டில் பிழையா என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறோம். அதன் பிறகே மேற்கொண்டு செலவு செய்கிறோம். வியாபாரத்தில் இத்தனை நிதானம் காட்டும் நாம், சரீர விஷயத்தில் மட்டும் யாரோ சொன்னார் என்பதற்காகப் புட்டி புட்டியாக வாங்கி விழுங்கத் துணிந்துவிடுகிறோம்.

இப்போது நம்மவரிடையே அடிக்கடி காதில் விழும் சொல் "காண்டிடா". களைப்பா, காண்டிடா. வயிற்றுப் பொருமலா, காண்டிடா. தலைபாரமா, அதுவும் காண்டிடா. இதற்கென்று ஒரு பத்தியமும், நாலைந்து வகைப் புட்டிகளும் விற்பனையாகின்றன. இவற்றில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை நிதானமாகப் பார்ப்பதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

காண்டிடா என்பது யாது?

காண்டிடா என்பது பூஞ்சணத்தில் ஒரு வகை. ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்டுக்குத் தூரத்து உறவு. ஆனால் அதுவே அல்ல. 1923ஆம் ஆண்டு பெர்க்கவுட் என்ற டச்சு ஆராய்ச்சிப் பெண்மணி இந்த இனத்துக்குக் காண்டிடா என்று பெயரிட்டார். லத்தீன் மொழியில் "வெண்மை" என்ற பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது அது. வாயில் இது படர்ந்தால் தயிர்த் துளி போன்ற வெள்ளைத் திட்டுகள் தோன்றும்.

முதலில் மனத்தில் பதிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. காண்டிடா வெளியிலிருந்து வந்த பகைவன் அல்ல. நல்ல சுகத்தோடு இருக்கும் பலருடைய வாயிலும் குடலிலும், பெண்களின் பிறப்புறுப்பிலும் அது சிறு அளவில் குடியிருந்தே வருகிறது. கூடவே குடியிருக்கும் பல்லாயிரம் கோடி பாக்டீரியாக்களும், நம் தேகத்தின் எதிர்ப்புச் சக்தியும் அதை அடக்கி வைத்திருக்கின்றன. ஆகையால் மலத்தைச் சோதித்துக் "காண்டிடா இருக்கிறது" என்று ஒருவர் சீட்டுக் கொடுத்தால், அதனால் மட்டும் நோய் என்று ஆகிவிடாது. காலையில் கண்ணாடித் தம்ளர் நீரில் எச்சில் துப்பிப் பார்க்கும் சோதனைக்கோ வைத்திய ஆதாரமே இல்லை. யாருடைய எச்சிலும் சற்று நேரம் மிதக்கும், பிறகு நூலாக இறங்கும். அது சளியின் குணம்.

அடங்கியிருந்தது பெருகுவது ஏன்?

காவல் தளரும்போது பெருகுகிறது. காவல் தளர்வதற்கான காரணங்கள் இவை:

ஒன்று, நீரிழிவு. நம் ஊர்ப் பேச்சில் இனிப்புநீர். இரத்தத்தில் சீனி ஏறினால் எச்சிலிலும் சிறுநீரிலும் அது கசிகிறது. எதிர்ப்புச் சக்தியும் மங்குகிறது.

இரண்டு, ஆண்டிபயாட்டிக் மருந்துகள். கிருமியைக் கொல்லும்போது காவல் நின்ற பாக்டீரியாவையும் அவை சேர்த்துக் கொல்கின்றன.

மூன்று, ஸ்டீராய்டு மருந்துகள். ஆஸ்துமாவுக்கு உள்ளிழுக்கும் குழலில் இருப்பதும் இதைச் சேர்ந்ததே.

நான்கு, இரவிலும் கழற்றாத பொய்ப்பல். ஐந்து, ஓயாத ஈரமும் வியர்வையும். ஆறு, கர்ப்ப காலம். ஏழு, புற்றுநோய்ச் சிகிச்சை, எச்.ஐ.வி. போன்று எதிர்ப்புச் சக்தியை வெகுவாகக் குறைக்கும் நிலைகள்.

இன்னும் ஒன்று. சிறுநீர் வழியே சீனியை வெளியேற்றும் புதுவகை நீரிழிவு மாத்திரைகள் உண்டு. டாபாகிலிஃப்ளோசின், எம்பாகிலிஃப்ளோசின் என்பன அவை. நல்ல மருந்துகள்தாம், இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்பவை. ஆயினும் ஆண், பெண் இருபாலருக்கும் மறைவிடத்தில் காண்டிடா அரிப்பை உண்டாக்கக்கூடும். வெட்கப்பட்டு மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவது தவறு; டாக்டரிடம் சொன்னால் வழி செய்வார்.

ஒரு வியாபாரியின் நிலை

நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு மளிகை வியாபாரியை எண்ணிப் பாருங்கள். காலை ஆறு மணிக்குக் கடை திறப்பார். நாளைக்கு ஐந்து கோப்பை தே தாரேக். பகல் சாப்பாடு மூன்று மணிக்கு. இரவுச் சாப்பாடு கடை பூட்டிய பின் பதினொரு மணிக்கு. சில மாதங்களாகக் களைப்பு, வாய் உலர்ச்சி, நாக்கில் வெண்மை, மறைவிடத்தில் அரிப்பு. நண்பர் ஒருவர் "இது காண்டிடா" என்று சொல்லி நான்கு புட்டிகளைக் காட்டுகிறார். மாதம் இருநூறு வெள்ளி வீதம் எட்டு மாதம் செலவாகிறது. உடம்பும் இளைக்கிறது. "பார்த்தீர்களா, உள்ளே இருந்த நஞ்சு போகிறது" என்கிறார் நண்பர்.

அந்த இளைப்பு நஞ்சு போவதால் வந்ததல்ல, இனிப்புநீரால் வந்தது. நண்பர் சொன்ன பெயர் பொய்யல்ல, அவருக்குக் காண்டிடா இருக்கவே செய்தது. ஆனால் அது வாசலில் நின்று கதவைத் தட்டிய தூதுவன். உள்ளே இருந்த வியாதி வேறு. எட்டு மாதமும் அந்த வியாதி கண்ணின் நரம்பையும் காலின் நரம்பையும் சிறுநீரகத்தையும் ஓசையின்றி அரித்துக் கொண்டிருந்தது. ஆயிரத்தறுநூறு வெள்ளி போனது பெரிதல்ல. எட்டு மாதம் போனதே பெரிது.

இது அபூர்வமான நிலை என்று எண்ண வேண்டாம். மலேசிய சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் வயது வந்தோரில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்திய வம்சாவளியினரிடையே அது 31.4 சதவீதம், அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த அளவு 15.6 சதவீதமாக இறங்கியது. ஆயினும் ஆறு பேரில் ஒருவர் என்பது சிறிய தொகையல்ல. அவர்களில் பலர் தமக்கு வியாதி இருப்பதையே அறியாதவர்கள்.

ஆகவே வாயிலோ மறைவிடத்திலோ காண்டிடா திரும்பத் திரும்ப வந்தால், முதல் செலவு புட்டிக்கு அல்ல, இரத்தப் பரிசோதனைக்கு. வெறும் வயிற்றில் 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்று டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். மறுமுறையும் சோதித்து உறுதி செய்வார்கள். அரசாங்கக் கிளினிக்கிலோ சிங்கப்பூரில் போலிக்ளினிக்கிலோ இதைப் பார்த்துக் கொள்ளலாம். ஒரு புட்டியின் விலைகூட ஆகாது.

"உடம்பெல்லாம் காண்டிடா" என்ற கொள்கை

களைப்பு, மறதி, மூட்டுவலி, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் காண்டிடாவே காரணம் என்ற கொள்கை எங்கிருந்து வந்தது? 1970களின் இறுதியில் அமெரிக்காவில் டிரஸ் என்ற டாக்டர் இதை எழுதினார். 1983இல் குரூக் என்ற மற்றொரு டாக்டர் ஒரு நூலின் மூலம் இதைப் பிரபலமாக்கினார். சீனி, ரொட்டி, பழம், காடி எல்லாவற்றையும் விலக்கும் பத்தியம் அப்போதுதான் பரவியது.

இதைச் சோதித்தும் பார்த்தார்கள். 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், இத்தகைய உபாதைகள் இருந்த 42 பெண்களுக்குக் காண்டிடாவைக் கொல்லும் நிஸ்டாட்டின் மருந்தையும், மருந்தில்லாத வெறும் மாத்திரையையும் முறை மாற்றிக் கொடுத்தார்கள். எது எது என்று உண்டவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. பிறப்புறுப்பு அரிப்பு மருந்தினால் குறைந்தது. களைப்பு, சோர்வு முதலிய மற்ற உபாதைகளோ, மருந்திலும் வெறும் மாத்திரையிலும் ஒரே அளவாகவே குறைந்தன. அதாவது அந்தக் களைப்புக்குக் காண்டிடா காரணமென்று நிரூபணமாகவில்லை.

களைப்பு பொய் என்று இதற்கு அர்த்தமல்ல. களைப்பு மெய்யே. இரத்தசோகை, தைராய்டுக் குறைவு, இனிப்புநீர், தூக்கக் குறைவு, மனக்கவலை, கடன் சுமை என அதற்குக் காரணங்கள் பல உண்டு. காண்டிடா என்று பெயரிட்டு நிறுத்திக் கொண்டால் அவற்றைத் தேடாமல் விட்டுவிடுவோம். நஷ்டம் இங்கேதான்.

உணவினால் ஆவது என்ன?

இனிப்புநீர் உள்ளவருக்கு உணவே பாதி மருந்து. சீனி குறைந்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கும், எச்சிலிலும் சிறுநீரிலும் கசிவது நிற்கும், காண்டிடாவும் அடங்கும். இதில் ஐயமில்லை.

இரத்தச் சர்க்கரை சரியாக உள்ளவருக்கு விஷயம் வேறு. 1999இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சுகமாக உள்ளவர்களுக்கு இனிப்பை மிகுதியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் குடலில் காண்டிடா பெரிதாகக் கூடிவிடவில்லை. ஆகவே கொய்யா, பப்பாளி, பருப்பு, ரொட்டி எல்லாவற்றையும் தள்ளிவைத்து மெலிந்துபோவதற்கு ஆதாரமில்லை. ரொட்டி மாவின் ஈஸ்ட் அடுப்புச் சூட்டில் மடிந்துவிடுகிறது. அது காண்டிடாவும் அல்ல. தோசை மாவு புளிப்பதாலும் கேடில்லை.

ஆயினும் நம் கடை வாழ்வில் மாற்றிக்கொள்ள வேண்டியவை உள்ளன. காண்டிடா இருந்தாலும் இல்லாவிட்டாலும் நன்மை தருபவை இவை.

தே தாரேக்கில் ஊற்றும் இனிப்புப் பாலில் பாதிக்கு மேல் சீனியே. ஐந்து கோப்பையை ஒன்றாக்குங்கள். மற்றவை சீனி போடாத தே ஓ அல்லது வெறும் தண்ணீர் ஆகட்டும். குளிர்பானப் புட்டியைக் கல்லாப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். வந்தவருக்கெல்லாம் தேநீர் கொடுத்து உபசரிப்பது நம் மரபு. தாமும் ஒவ்வொருவரோடும் ஒரு கோப்பை குடிக்கவேண்டும் என்பது மரபல்ல.

நாசி கந்தார் தட்டில் சோற்றைப் பாதியாக்கி, மீனும் முட்டைக்கோசும் வெண்டைக்காயும் கூட்டிக்கொள்ளுங்கள். ஆணத்தை வெள்ளமாக ஊற்றிக்கொள்வதைக் குறையுங்கள். பகலுணவை மூன்று மணிக்குத் தள்ளாமல், முறை போட்டுச் சிப்பந்தியைக் கல்லாவில் நிறுத்திவிட்டு உரிய வேளையில் உண்ணுங்கள். இரவுச் சாப்பாடு எளிதாக இருக்கட்டும். சீனி சேராத தயிரும் மோரும் நல்ல உணவு. ஆனால் அவற்றை மருந்தென்று நம்பி இருக்கவேண்டாம். தேன் நல்லதென்று இனிப்புநீர்க்காரர் கரண்டி கரண்டியாக உண்பது கூடாது; இரத்தத்தில் சேர்ந்தபின் அதுவும் சீனியே. இனிப்புநீர் உள்ளவர் நோன்புக்கு ஒரு மாதம் முன்னரே டாக்டரைக் கண்டு, மருந்து வேளையை மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும்.

புட்டிகளில் இருப்பது என்ன?

தேங்காயெண்ணெயிலிருந்து எடுக்கும் காப்ரிலிக் அமிலம், ஓரிகானோ எண்ணெய், பூண்டுச் சத்து, கருஞ்சீரக எண்ணெய் ஆகியவை ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் காண்டிடாவைத் தடுப்பது உண்மை. ஆனால் கண்ணாடித் தட்டு வேறு, மனிதக் குடல் வேறு. விழுங்கியது எவ்வளவு, கலந்தது எவ்வளவு, போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்ற கணக்கு அங்கே வருகிறது. மனிதரிடம் இவை காண்டிடாவைக் குணப்படுத்தும் என்பதற்குப் போதிய ஆதாரம் இன்னும் இல்லை.

புரோபயாட்டிக் என்னும் நற்கிருமி மருந்தை ஆஸ்திரேலியாவில் சோதித்தார்கள்; அதன் முடிவு 2004இல் வெளியாயிற்று. ஆண்டிபயாட்டிக் உண்ட பெண்களுக்குக் காண்டிடா அரிப்பு வராமல் அது தடுக்கவில்லை.

கெடுதலும் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்பவர் செறிவூட்டிய பூண்டு மாத்திரை உண்டால் இரத்தக் கசிவு ஏற்படலாம். பச்சைப் பூண்டைத் தோலில் வைத்துக் கட்டினால் வெந்துவிடும். சமையலில் பூண்டும் கருஞ்சீரகமும் தாராளமாகச் சேர்க்கலாம், அது வேறு.

இன்னொரு பேச்சையும் கேட்டிருப்பீர்கள். புட்டி குடித்து உடம்பு மோசமானால், "கிருமி சாகிறது, அதனால்தான், விடாமல் குடியுங்கள்" என்பார்கள். நன்றானாலும் மருந்தின் வேலை, கெட்டாலும் மருந்தின் வேலை என்றால் அது கணக்கே அல்ல. வரவையும் செலவையும் ஒரே பத்தியில் எழுதும் கணக்கப்பிள்ளையை நாம் கடையில் வைத்துக்கொள்வோமா?

எல்லாவற்றையும்விட அபாயமானது, மூட்டுவலி உடனே பறந்துவிடும் என்று விற்கப்படும் பதிவில்லாத நாட்டு மருந்துகளும் ஜாமுக்களும். இவற்றுள் சிலவற்றில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு இரகசியமாகக் கலந்திருந்ததை மலேசிய, சிங்கப்பூர் அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளனர். இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதும் காண்டிடாவைப் பெருக்குவதும் அதே ஸ்டீராய்டு. ஒரு புட்டியால் வந்ததை மறு புட்டியால் தீர்க்க முயல்வது பரிதாபம்.

உண்மையான சிகிச்சை

காண்டிடா நோய்க்கு நல்ல மருந்து இல்லாமல் இல்லை. நிஸ்டாட்டின் என்ற மருந்தை 1950இல் கண்டு அறிவித்தவர்கள் ஹேசன், பிரவுன் என்ற இரு அமெரிக்கப் பெண் விஞ்ஞானிகள். ஒருவர் நியூயார்க்கிலும் மற்றவர் ஆல்பனியிலும் இருந்து, மண் மாதிரிகளைத் தபாலில் அனுப்பி ஆராய்ந்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் பெயரே மருந்துக்கும் ஆயிற்று. கிடைத்த உரிமைத் தொகையைத் தங்களுக்கென எடுத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். இன்றும் வாய்ப் பூஞ்சணத்துக்கு அந்தச் சொட்டு மருந்து வழங்கப்படுகிறது. தோலுக்கும் பெண்களுக்கும் குளோட்ரிமசோல் உண்டு. ஃப்ளூகோனசோல் மாத்திரையும் உண்டு. ஆனால் ஃப்ளூகோனசோல், வார்ஃபரினோடும் சில கொழுப்பு மாத்திரைகளோடும் கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற நீரிழிவு மாத்திரைகளோடும் மோதும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. உண்டு வரும் மருந்துகளை எல்லாம் டாக்டரிடமோ மருந்தகத்தாரிடமோ காட்டிய பிறகே வாங்குங்கள்.

உள்ளிழுக்கும் குழல் உபயோகிப்பவர் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பொய்ப்பல்லை இரவில் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கு ஆண்டிபயாட்டிக் கேட்டு டாக்டரை வற்புறுத்தக் கூடாது.

சாப்பாட்டுக் கடை முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. நாள் முழுதும் மங்கு கழுவும் சிப்பந்தியின் நகக்கண்ணும் விரலிடுக்கும் வெந்து வீங்குவதில் காண்டிடாவுக்கும் பங்குண்டு. உள்ளே பருத்தி உறை, மேலே ரப்பர் கையுறை வாங்கிக் கொடுங்கள். கையைத் துடைத்து உலர்த்த நேரமும் கொடுங்கள். கால்விரல் இடுக்கில் வருவது பெரும்பாலும் வேறு வகைப் பூஞ்சணம். ஆயினும் அதற்கும் ஈரமே இடம் கொடுக்கிறது. ஒளுச் செய்தபின் விரலிடுக்கைத் துடைத்துவிட்டுக் காலுறையும் சப்பாத்தும் அணியுங்கள்.

வீட்டுப் பெண்களைப் பற்றியும் சொல்லவேண்டும். நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்த அரிப்பு வருகிறது. இது ஒழுக்கக்கேட்டின் அடையாளம் அல்ல. அசுத்தத்தின் அடையாளமும் அல்ல. வருடத்தில் மூன்று நான்கு முறை வந்தால் பரிசோதனை அவசியம். வெட்கத்தினால் அவர்கள் மறைக்கும்படி நாம் நடந்துகொள்ளக் கூடாது.

தாமதமின்றி டாக்டரைக் காணவேண்டிய அடையாளங்கள்: விழுங்கும்போது நெஞ்சில் வலி, காய்ச்சல், காரணமின்றி உடம்பு இளைத்தல், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. காண்டிடாத் திட்டு பெரும்பாலும் துடைத்தால் வரும். வராத திட்டு, முக்கியமாக வெற்றிலை பாக்கு, புகையிலை, சிகரெட் பழக்கமுள்ளவர் வாயில் இருந்தால், அது புற்றுநோயின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும்.

விற்பவரின் கடமை

நம்மில் பலர் இத்தகைய புட்டிகளை விற்பவர்களும் ஆவோம். மலேசியாவில் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், நீரிழிவு முதலிய வியாதிகளைக் குணமாக்கும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. பதிவு பெற்ற மருந்தில் "எம்.ஏ.எல்." என்று தொடங்கும் பதிவெண் இருக்கும், அது இல்லாததை அலமாரியில் ஏற்றாதீர்கள். சிங்கப்பூரில் சத்துப் புட்டிகளுக்கு முன்அனுமதி தேவையில்லை. அதனால் சரக்கின் தரத்துக்குப் பொறுப்பு விற்பவர் தலையிலேயே விழுகிறது. அளவையில் குறைத்துக் கொடுப்பது ஆகாது என்று அறிந்த நாம், சொல்லில் கூட்டிக் கொடுப்பதும் ஆகாது என்று அறிய வேண்டும்.

வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து, "வாயில் வெண்மை, ஓயாத தாகம், களைப்பு, காண்டிடாப் புட்டி இருக்கிறதா?" என்று கேட்டால், "அண்ணே, முதலில் இரத்தத்தைச் சோதித்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லுங்கள். அன்றைய விற்பனையில் ஐம்பது வெள்ளி குறையலாம். ஒரு மனிதரின் கண்ணும் காலும் தப்பும்.

நாமும் நம் கணக்கைப் பார்த்துக்கொள்வோம். வருஷா வருஷம் கடைக்கு ஐந்தொகை எடுக்கத் தவறாத நாம், கடைசியாக இரத்தச் சர்க்கரை பார்த்தது எந்த வருஷம்? இந்த ஏட்டை மூடி வைக்குமுன் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளட்டும். பதில் நினைவுக்கு வரவில்லையென்றால், நாளைக் காலை தேநீர் குடிக்குமுன், வெறும் வயிற்றோடு கிளினிக்குக்குப் போய்வாருங்கள். கடையை ஒரு மணி நேரம் தாமதித்துத் திறந்தால் ஒன்றும் குடி முழுகிப்போகாது.